வீட்டுக் கழிவுநீரும் நாணற்படுகையும்: சதுப்பு நிலம் கற்பிக்கும் பாடம்

கிராமங்களில் ஜலத்தின் வரவு பெருகியிருக்கிறது. ஆனால் உபயோகித்த ஜலம் போவதற்குத் தக்க வழி பெரும்பாலும் செய்யப்படவில்லை. கிணற்றில் இறைத்து, இடுப்பிலும் தலையிலும் சுமந்து வந்த காலத்தில் ஒரு குடும்பம் செலவிட்ட ஜலம் சொற்பமே. அதுவும் கொல்லையிலுள்ள வாழைக்கும் கீரைப் பாத்திக்கும் பாய்ந்து அங்கேயே சுவறிவிடும். 2019-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், ஆள் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு 55 லிட்டர் வீதம் ஜலம் வீட்டுக் குழாயிலேயே வரவேண்டும் என்று அளவு வகுக்கப்பட்டது. இது பெண்மக்களின் பெருஞ்சுமையை இறக்கிய நற்காரியம் என்பதில் ஐயமில்லை. எனினும், குழாய் வழியே உள்ளே வந்த ஜலம் முற்றத்து வழியே தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து ஊர்க் குளத்தையோ ஏரியையோ சேர்கிறது.

இதன் அளவைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்பது நலம். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு நாள் ஒன்றுக்கு 275 லிட்டர் ஜலம் வருகிறது. குடிக்கவும் சமைக்கவும் செலவாகி, உலர்ந்தும் போனது போக, உத்தேசமாக 200 லிட்டர் கழிவாக வெளியேறும். நூறு வீடுள்ள ஊரில் இது நாள் ஒன்றுக்கு 20,000 லிட்டர். வருஷத்துக்கு 73 லட்சம் லிட்டர். மழையில்லாத மாதங்களில் ஏரிக்கு வரும் ஜலம் இது ஒன்றே என்ற நிலை பல ஊர்களில் ஏற்பட்டுவிட்டது. இந்த ஜலத்தைக் கேடு நீக்கிப் பயிருக்கு ஆக்கும் எளிய வழி ஒன்று உண்டு. அது இயற்கையே சதுப்பு நிலங்களில் நெடுங்காலமாகச் செய்து காட்டி வரும் வழியாகும்.

குளம் கெடும் விதம்

சாக்கடை சேர்ந்த குளத்தில் விடியற்காலையில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பலரும் கண்டிருப்பர். சில நாட்களில் அவை கூட்டமாகச் செத்து மிதப்பதும் உண்டு. ஜலத்தில் யாரோ விஷம் கலந்துவிட்டதாக ஊரார் கூறுவர். பெரும்பாலும் காரணம் விஷமன்று; பிராணவாயு தீர்ந்துபோவதே.

ஜலத்தில் கரைந்திருக்கும் பிராணவாயு மிகச் சொற்பம். 30 டிகிரி சென்டிகிரேடு சூடுள்ள சுத்த ஜலம் லிட்டருக்கு ஏறத்தாழ 7½ மில்லிகிராம் பிராணவாயுவையே தாங்கும். சோற்றுப் பருக்கை, கஞ்சி, எண்ணெய்ப் பிசுக்கு, சோப்பு, உடலழுக்கு முதலியவை ஜலத்தில் கலந்தவுடன் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று பெருகுகின்றன. அவை தின்பதற்குப் பிராணவாயு வேண்டும். ஒரு லிட்டர் சாக்கடை ஜலத்திலுள்ள அழுக்கைத் தின்று தீர்க்க 225 மில்லிகிராம் பிராணவாயு வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு லிட்டர் சாக்கடை 30 லிட்டர் நல்ல ஜலத்தின் பிராணவாயுவை முழுதும் உறிஞ்சிவிடும். பகலில் பாசி வெயிலின் உதவியால் பிராணவாயுவை வெளிவிட்டு நஷ்டத்தை ஒருவாறு ஈடுசெய்கிறது. இரவில் அந்தப் பாசியும் மூச்சு விடுவதால் சேமிப்பு குறைந்துகொண்டே வந்து, விடியற்காலையில் முற்றும் தீர்கிறது. மீன் மேலே வருவது அப்போதுதான்.

பிராணவாயு தீர்ந்த பின்னரும் அழுகல் நிற்பதில்லை. பிராணவாயு வேண்டாத வேறு வகை நுண்ணுயிர்கள் தலையெடுத்துத் துர்நாற்றமுள்ள வாயுக்களை உண்டாக்குகின்றன. ஜலம் கறுக்கிறது. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு இத்தகைய தேங்கிய அழுக்கு ஜலத்திலேயே விரும்பி முட்டையிடுகிறது. ஆகவே ஏரி கெடுவதோடு ஊராரின் தேக ஆரோக்கியமும் கெடுகிறது.

சதுப்பு நிலம் செய்யும் வேலை

மேட்டிலிருந்து அழுக்கோடு ஓடிவரும் மழை வெள்ளம், நாணலும் கோரையும் சம்பும் அடர்ந்த தாழ்நிலத்தைக் கடந்து மறுபக்கம் வரும்போது தெளிந்து வருவதைக் குடியானவர்கள் அறிவர். அங்கே நடப்பது என்ன? முதலாவது, தண்டுகளின் நெருக்கத்தால் ஓட்டம் தணிந்து வண்டல் அடியில் படிகிறது. இரண்டாவது, ஜலத்துள் மூழ்கியிருக்கும் ஒவ்வொரு தண்டின் மேலும் வேரின் மேலும் கல்லின் மேலும் நுண்ணுயிர்கள் வழவழப்பான மெல்லிய படலமாகப் படிந்து வாழ்கின்றன. அழுக்கைத் தின்னும் வேலையில் பெரும்பங்கு இப்படலத்தினுடையதே. செடியின் பங்கு, அப்படலத்துக்கு இடமும் ஓரளவு காற்றும் தருவதாகும்.

மூன்றாவது விஷயம் மிகவும் கவனிக்கத்தக்கது. நெற்பயிரைப் போலவே நாணலுக்கும் சம்புக்கும் தண்டினுள் காற்றுக் குழல்கள் உண்டு. இலையிலிருந்து இறங்கும் காற்று அக்குழல்கள் வழியே வேரை அடைந்து, வேரைச் சுற்றியுள்ள சேற்றில் மெல்லிய போர்வைபோல் கசிகிறது. அங்கே காற்றை விரும்பும் நுண்ணுயிர்கள் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இரண்டு விரற்கடைக்கு அப்பால் காற்றில்லாத சேறு இருக்கிறது. அங்கு வாழும் வேறு இனங்கள் நைட்ரேட்டைப் பிரித்து நைட்ரஜன் வாயுவாக ஆகாயத்துக்கு அனுப்பிவிடுகின்றன. இவ்வாறு ஒருவகை நுண்ணுயிரின் கழிவு மற்றொன்றின் ஆகாரமாகிறது. ஒன்றன் எச்சம் மற்றொன்றுக்கு உணவாகும் இந்த ஏற்பாடு இருப்பதனால், இயற்கையான சதுப்பில் அழுக்கு குவிந்து நிற்பதில்லை.

மனிதர் இதைக் கற்றுக்கொண்ட வரலாறு

1914-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள மான்செஸ்டர் நகரில் ஆர்டன், லாக்கெட் என்னும் இருவர், சாக்கடை ஜலத்துள் காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்களைப் பெருக்கிச் சுத்தி செய்யும் முறையை வெளியிட்டனர். பெருநகரங்களில் இன்றும் பரவலாக வழங்குவது அம்முறையே. ஆனால் அதற்கு இரவும் பகலும் ஓயாமல் மின்சாரம் வேண்டும். தேர்ந்த ஆட்களும் வேண்டும். கிராமத்துக்கு அது எளிதில் ஏலாது.

1950-களில் ஜெர்மனியைச் சேர்ந்த கேத்தே ஸைடல் என்னும் அம்மையார், நீர்க்கோரைகளைக் கொண்டு கழிவுநீரைத் தெளிவிக்கலாம் என்பதைப் பரிசோதனைகளால் காட்டினார். 1974-இல் மேற்கு ஜெர்மனியின் ஆத்ஃபிரேசன் என்னும் ஊரில், கிக்குத் என்னும் விஞ்ஞானியின் யோசனைப்படி, மண் நிரப்பி நாணல் நட்ட படுகை ஒன்று ஊர்க் கழிவுநீருக்காக ஏற்பட்டது. இத்தகைய படுகைகளில் விரைவில் ஒரு குறை தென்பட்டது. மண் இறுகிப் போகவே, ஜலம் வேர்களினூடே செல்லாமல் மேலாக வழிந்து ஓடிற்று. பின்னர் வந்தவர்கள் மண்ணுக்குப் பதிலாகச் சரளைக் கல்லை நிரப்பி அக்குறையைத் தீர்த்தனர். சதுப்பின் தோற்றத்தை அப்படியே பெயர்த்து வைப்பதனால் பயனில்லை. அதன் வேலை நடக்கும் வகையை அறிந்து அதற்கேற்றபடி அமைக்கவேண்டும் என்பதே இதில் பெறும் படிப்பினை.

கொல்கத்தாவின் கிழக்கே

இந்தியாவிலும் இதற்குப் பெரியதோர் உதாரணம் உண்டு. கொல்கத்தா நகரின் கிழக்கே 12,500 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 31,000 ஏக்கர் பரப்பில் சதுப்பு நிலங்களும் மீன் குட்டைகளும் வயல்களும் இருக்கின்றன. நகரத்துச் சாக்கடையின் ஒரு பகுதி கால்வாய்கள் வழியே இங்கு வந்து, ‘பேரி’ என்று வங்காளிகள் கூறும் ஆழமற்ற குட்டைகளில் அளவாகப் பாய்ச்சப்படுகிறது. இவை பெரும்பாலும் 5 அடிக்கு மேற்படாத ஆழமுள்ளவை. ஆகையால் வெயில் நன்கு ஊடுருவிப் பாசி வளர்கிறது. பாசி வெளிவிடும் பிராணவாயுவைக் கொண்டு நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்கின்றன. அவை விடுவிக்கும் சத்தைக் கொண்டு பாசி வளர்கிறது. பாசியையும் அதைத் தின்னும் சிறு பிராணிகளையும் ரோகு, கட்லா, மிர்கால் முதலிய கெண்டை மீன்கள் தின்கின்றன. குட்டையிலிருந்து வடியும் ஜலம் நெல் வயலுக்குப் பாய்கிறது. கரை அரியாமலிருக்க ஓரங்களில் ஆகாயத் தாமரையை மூங்கிலால் தடுத்து வைத்திருக்கிறார்கள்.

இம்முறை பாடசாலையில் கற்று வந்ததன்று. மீன் வளர்ப்போர் அநுபவத்தால் கண்டது. எவ்வளவு சாக்கடையை எப்போது விடலாம் என்பதை ஜலத்தின் நிறத்தாலும் மணத்தாலும் அவர்கள் அறிவர். மேற்கு வங்காள சர்க்காரில் இஞ்சினீயராக இருந்த துருவஜோதி கோஷ் என்பவர் 1980-களில் இதை ஆராய்ந்து, நகரம் பெரும்பொருள் செலவிடாமலே தன் கழிவைச் சுத்தி செய்துகொள்கிறது என்று உலகுக்கு எடுத்துக் காட்டினார். நிலத்தின் விலை ஏற ஏறக் குட்டைகளைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பும் முயற்சிகளும் ஏற்பட்டன. 1992-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2002-இல் இந்நிலப்பகுதி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. 2006-இல் இதன் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது.

வீட்டுக் கொல்லையில் நாணற்படுகை

ஒரு குடும்பத்துக்கு வேண்டிய படுகை சிறியது. அதன் அளவைக் கணக்கிடும் முறை வருமாறு. நாள் ஒன்றுக்கு வரும் கழிவுநீர் 200 லிட்டர். அது படுகையில் 3 நாள் தங்கவேண்டும். எனவே 600 லிட்டருக்கு இடம் வேண்டும். சரளைக் கல் நிறைந்த இடத்தில் இடைவெளி மாத்திரமே ஜலத்துக்கு உரியது. 10 படி கொள்ளும் பாத்திரத்தில் ஜல்லியை நிரப்பி ஜலம் ஊற்றிப் பார்த்தால் ஏறத்தாழ 4 படி கொள்ளும். எவரும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஆகவே 600 லிட்டர் தங்குவதற்கு 1,500 லிட்டர் கொள்ளளவுள்ள பள்ளம் வேண்டும். 8 அடி நீளம், 3¼ அடி அகலம், 2 அடி ஜலமட்டம் வைத்தால் இது சரியாகும்.

பள்ளத்தை 2½ அடி ஆழம் வெட்டி, அடித்தளம் ஜலம் வெளியேறும் பக்கமாக ஓர் அங்குலம் சரியும்படி செய்யவேண்டும். ஜலம் நிலத்தில் இறங்காதபடி களிமண்ணைக் குழைத்துப் பூசியோ, கனத்த பாலிதீன் விரிப்பை இரட்டையாகப் பரப்பியோ கரைகட்ட வேண்டும். ஜலம் புகும் முனையிலும் வெளியேறும் முனையிலும் ஓர் அடி நீளத்துக்கு 2 அங்குலம் முதல் 3 அங்குலம் வரையுள்ள கற்களையும், நடுவே முக்கால் அங்குல ஜல்லியையும் நிரப்பவேண்டும். ஜல்லியைத் தூசி போகக் கழுவியே இடவேண்டும். தூசி சேர்ந்தால் இடைவெளி விரைவில் அடைபடும். வெளியேறும் குழாயை அடியிலிருந்து எடுத்து, வளைவுக் குழாய் பொருத்தி, அதன் வாய் 2 அடி உயரத்தில் நிற்கும்படி வைத்தால், ஜலமட்டம் அவ்வளவிலேயே நிற்கும். ஜல்லியின் மேல்மட்டம் அதற்கு 2 அங்குலம் மேலே இருக்கவேண்டும். ஜலம் வெளியே தெரியாமல் கல்லுக்குள்ளேயே ஓடுவதால் கொசு முட்டையிட இடமிராது, நாற்றமும் எழாது.

படுகைக்கு முன்னால் ஒருநாள் கழிவு தங்கும்படி 200 லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்று அவசியம். கனத்த அழுக்கு அடியில் படியவும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதந்து நிற்கவும் இத்தொட்டி உதவும். தொட்டியின் நடுமட்டத்து ஜலமே படுகைக்குப் போகும்படி குழாயை உள்ளே வளைத்து விடவேண்டும். கொசு புகாதபடி தொட்டியை நன்றாக மூடி வைக்கவேண்டும். தொட்டியில்லாமல் படுகை மட்டும் அமைத்தால் ஜல்லி அடைபட்டுச் செய்த செலவு வீணாகும்.

நடுவதற்குக் கல்வாழை, சம்பு, நாணல், கோரை ஆகியவை ஏற்றவை. ஓரடிக்கு ஒரு கிழங்காக நட்டால் 24 கிழங்குகள் போதும். வேர் நன்கு இறங்க மூன்று மாதம் ஆகும். அதுவரை ஜலமட்டத்தைக் குறைக்காமல் காத்து வரவேண்டும். மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை செடியை அறுத்து எருக்குழியில் சேர்க்கலாம், மூடாக்காகவும் இடலாம். ஆகாயத் தாமரையை இதற்கென ஊருக்குள் கொண்டுவருவது தகாது. அது ஏரியில் புகுந்தால் ஒழிப்பது அரிது.

விவசாயிக்குக் கிடைக்கும் லாபம்

வளர்ந்த வாழை ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு 15 முதல் 20 லிட்டர் வரை ஜலம் வேண்டும். ஆகவே ஒரு வீட்டுக் கழிவுநீரில், கோடையில் சிறிது ஆவியாய்ப் போனாலும், கொல்லையில் 9 அல்லது 10 வாழைகளைக் கிணற்று ஜலம் இல்லாமல் வளர்க்கலாம். மேலும், கழிவுநீரிலுள்ள தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து ஆகியவை முழுதும் போய்விடுவதில்லை. ஜலத்தை ஆற்றில் விடுவதானால் சத்து முழுதும் நீங்கவேண்டும். பயிருக்கு விடுவதானால் அழுகும் பொருள் நீங்கிச் சத்து எஞ்சுவதே அனுகூலம். இதனாலேயே கொல்லைப் படுகைக்கு 3 நாள் தங்கல் போதுமென்று கொள்ளப்படுகிறது. சர்க்கார் விதிகளிலும் இவ்வேற்றுமை காணப்படுகிறது. கழிவுநீரின் அழுக்கைத் தின்று தீர்க்க வேண்டும் பிராணவாயு, ஆறு குளங்களில் விடும் ஜலத்தில் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கும், நிலப்பாசனத்துக்கு விடும் ஜலத்தில் 100 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது என்று பொது அளவு வகுக்கப்பட்டிருக்கிறது.

கவனிக்க வேண்டிய எச்சரிக்கைகள்

தெளிந்த ஜலமெல்லாம் சுத்த ஜலமன்று. படுகை நோய்க் கிருமிகளைக் குறைக்குமேயன்றி அடியோடு அழிப்பதில்லை. ஆகையால் இந்த ஜலத்தைக் குடிப்பதற்கோ, கால்நடைகளுக்குக் காட்டுவதற்கோ, கீரை, வெள்ளரி, முள்ளங்கி போன்று பச்சையாக உண்ணும் பயிர்களுக்கோ உபயோகிக்கலாகாது. வாழை, தென்னை, தீவனப்புல், மரக்கன்று ஆகியவற்றுக்கு வேரடியில் மாத்திரம் பாய்ச்சவேண்டும். கக்கூஸ் ஜலத்தை இச்சிறு படுகையில் சேர்க்கவே கூடாது. அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். சலவைத் தூளை அளவின்றிக் கொட்டினால் அதிலுள்ள சோடியம் களிமண் நிலத்தை இறுகச் செய்யும். ஆண்டுக்கொரு முறையாவது தொட்டியின் அடிவண்டலை எடுத்து எருக்குழியில் புதைத்து மக்கவைக்க வேண்டும்.

இயற்கை முறைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் மறத்தலாகாது. நுண்ணுயிர்கள் தின்பது அழுகும் பொருளை மாத்திரமே. உப்பு அழுகாது. தோல் பதனிடுதலில் வரும் குரோமியம் போன்ற உலோகங்களும் அழுகுவதில்லை. அவை படுகையிலோ செடியிலோ மண்ணிலோ தங்கி நிற்கும். இதற்கு நொய்யலாற்றின் கதையே போதிய சான்று. பாசனத்துக்கென அந்நதியின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் கட்டப்பட்ட அணை 1992-இல் முடிவுற்றது. மேலே திருப்பூர்ப் பகுதியிலிருந்து வந்த சாயக் கழிவுநீர் அதில் தேங்கியது. சாயமேற்றுவதற்குச் சேர்க்கும் உப்பு அந்த ஜலத்தில் மிகுதியாக இருந்ததால், பயிரைக் காக்க எழுந்த அணை நிலத்தைக் கெடுக்கும் ஜலத்தின் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடும்படி உத்தரவிட்டது. அதன் பின்னர் ஆலைகள், கழிவுநீரை வடிகட்டியும் காய்ச்சியும் ஜலத்தையும் உப்பையும் மீட்டுத் திரும்ப உபயோகிக்கும் முறையில் இயங்க வேண்டியதாயிற்று. அழுகாத பொருளை ஆற்றில் விட்டுவிட்டு நாணலை நம்பியிருப்பது பயனற்றது. அது புறப்படும் இடத்திலேயே பிடித்து நிறுத்தி மீண்டும் அத்தொழிலுக்கே திருப்பவேண்டும். ஒன்றன் எச்சம் மற்றொன்றன் முதலாகவேண்டும் என்னும் சதுப்பின் விதியே அங்கும் வேறுவிதமாகப் பொருந்துகிறது.

முடிவுரை

ஊர் முழுதுக்கும் ஒரே நாளில் இதைச் செய்வது எளிதன்று. முதலில் கொல்லையில் இடமும் ஜலம் இயல்பாக ஓடும் சரிவும் உள்ள நாலைந்து வீட்டார் முன்வந்து அமைப்பாராயின், ஒரு கோடைக்குள் அதன் பலனை அண்டை வீட்டார் வாழையைப் பார்த்தே அறிந்துகொள்வர். இடமில்லாத தெருக்களில், சாக்கடை ஏரியைச் சேருமுன் பஞ்சாயத்தார் பொதுப் படுகை ஒன்று ஏற்படுத்தலாம். அதற்கு முன்னால் பெரிய வண்டல் தொட்டியும், அதைத் தவறாமல் தூர்வாரும் பொறுப்புள்ள ஆளும் இருக்கவேண்டும்.

நாள் ஒன்றுக்கு 200 லிட்டர் ஜலம் ஒவ்வொரு வாசலிலும் வீணாகிக்கொண்டிருக்கிறது. அதைத் தெருவில் விட்டால் ஏரி மீனின் மூச்சு நிற்கும். கொல்லையில் மூன்று நாள் தங்கவைத்து விட்டால் வாழை தாறு போடும். இரண்டு வழிக்கும் இடையே உள்ள தூரம் எட்டடிப் படுகை ஒன்றுதான்.